முதலில் சோஃபா, பிறகு மைக்: சேலத்து ஹாலில் 5.1, நான்கு வருடப் பயன்பாடு

டெனான் ஏ.வி.ஆர். (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கென்று ஒரு சப்வூஃபர்; இதுதான் 5.1. ஹால் 14 அடிக்கு 11 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. சேலத்தில் பல வீடுகள் இப்படித்தான். உட்காரும் இடம் தப்பாக இருந்தால் ஆடிஸ்ஸி (மைக் வழியே அறையின் ஒலியை அளந்து ஏ.வி.ஆரைத் தானே சரிசெய்யும் வசதி) எத்தனை முறை அளந்தாலும் கைகொடுக்காது.

நம் வீடுகளில் சோஃபா பின்சுவரை ஒட்டியே கிடக்கும். 14 அடி நீளத்தில் 40 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது ஆழமான பாஸில், ஒரு ஒலியலை சுவர்களுக்கு இடையே நகராமல் நிற்கும். சுவரோரம் அது உப்பும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். சுவரோரம் உட்கார்ந்தால் தவிலும் பாஸ் கிட்டாரும் ஒரே 'தொம்'தான். நடுவில் உட்கார்ந்தால் அந்த பாஸே இருக்காது. ஈக்வலைசரில் ஏற்ற ஏற்ற ஆம்ப்தான் திணறும், பள்ளம் நிரம்பாது. காதுக்கும் பின்சுவருக்கும் நாலரை அடி விட்டதும் தவில் தனியாகப் பிரிந்து கேட்டது. நடக்கிற வழி குறையும்தான், ஆனால் செலவில்லாமல் கிடைக்கிற பெரிய முன்னேற்றம் இதுவே.

பிறகு ஆடிஸ்ஸி அளக்கும் மைக். ட்ரைபாடில், காது உயரத்தில், முனை கூரையைப் பார்க்க வேண்டும். மெத்தைமேல் வைக்கவே கூடாது. சோஃபா முதுகு உயரமென்றால் அரையடியாவது முன்னே தள்ளுங்கள். முதல் இடம் நடு இருக்கைதான்; தூரத்தையும் லெவலையும் அதை வைத்தே கணக்கிடும். மற்ற இடங்கள் அதைச் சுற்றி இரண்டடிக்குள் போதும். ஃபேன், ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்திருக்க வேண்டும். அம்மாபேட்டை மாதிரி தறி ஓடும் தெருவென்றால் தறி நின்றபிறகு எடுங்கள். அந்தத் 'தடக் தடக்' சப்வூஃபர் அளவைக் கெடுத்துவிடும்.

முடிவைச் சரிபார்க்கும்போது சப்வூஃபர் தூரம் அளவு டேப்பில் 9 அடி, திரையில் 13 அடி என்று வரலாம். சப்வூஃபரின் உள்சர்க்யூட் தாமதமும் சேர்ந்த கணக்கு அது, திருத்தாதீர்கள். சப்வூஃபர் லெவல் கீழ் எல்லையான −12ல் முட்டி நின்றால் சப்வூஃபரின் வால்யூம் குமிழைக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' (பாஸ் முழுக்க அவற்றுக்கே) என்று காட்டினால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவர் (இதற்குக் கீழுள்ள பாஸ் சப்வூஃபருக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஃபேஸ் எச்சரிக்கை (வயர் மாறியிருக்கலாம் என்பது) வந்தால் சிவப்பு, கறுப்பு வயரைப் பாருங்கள். சரியாக இருந்தால் விட்டுவிடலாம்.

இரவில் சத்தம் குறைத்துக் கேட்க டைனமிக் ஈக்யூ (சத்தம் குறையும்போது பாஸையும் பின் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொடுக்கும் வசதி) அருமை. பாட்டுக்கு மட்டும் பின் ஸ்பீக்கர்கள் தூக்கலாகும். அந்த ஏற்றத்தைக் குறைக்கும் ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10 வைத்தால் அடங்கும்.

பவானி ஜமக்காளம் விரித்தால் கைதட்டும்போது வரும் 'ட்ரிங்' குறையும், பாஸ் அசையாது.

வெயில், குளிர் மாறியதற்காக மறுபடி அளக்க வேண்டாம். 35 டிகிரியில் ஒலி நொடிக்கு சுமார் 352 மீட்டர் போகும், ஏற்காட்டுக் குளிரில் 15 டிகிரிக்கு 340. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே விகிதத்தில்தான் மாறும். சோஃபாவோ பீரோவோ ஓரடி நகர்ந்தால் மட்டும் மைக்கை எடுங்கள்.