கிறிஸ்தவம், இஸ்லாம், மதமாற்றம்: எட்டு வார இணைய வகுப்பு எப்படி இருந்தது?

என் தம்பி இஸ்லாத்தைத் தழுவி மூன்று வருஷம் ஆகிறது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அம்மா அவனோடு பேசுவார், சிரிப்பார். ஆனால் மதப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். நானும் அவனும் பேச உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் சண்டைதான். நான் 'வாள் வசனம்' என்பேன், அவன் 'சிலுவைப் போர்' என்பான். அடுத்தவர் குற்றத்தைத் தேடி எடுப்பதற்கென்றே ஆளுக்கொரு போன் கையில் இருக்கும். அப்படி இருந்தபோதுதான் இந்த வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். வாரம் ஒரு மணி நேரம் நேரலை. நடத்துபவர்கள் ஒரு போதகர், ஒரு ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்). எட்டு வாரமும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த வகுப்பில் ஒரு விதி உண்டு. சங்கடமான வசனத்தை அந்த வேதத்துக்கு உரியவர்தான் எடுத்துப் பேச வேண்டும், அடுத்தவர் தொடக்கூடாது. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக நடக்காதது அதனால்தான் நடந்தது.

முதல் வாரம் போதகர் அன்பைப் பற்றித் தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் 1 சாமுவேல் 15-ஐத் திறந்தார். இஸ்ரவேலரின் பகைவரான அமலேக்கியரில் பாலுண்ணும் குழந்தையைக்கூட விடாதே என்ற கட்டளை. நிறுத்தி நிதானமாக வாசித்தார். "இது என் வேதத்தில்தான் இருக்கிறது, இதை நான் ஒளித்து வைக்க முடியாது" என்றார். அதற்குப் பிறகுதான் 'உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்' என்ற மத்தேயு 5:44-க்குப் போனார். பக்கத்தில் தம்பி இருந்தான். இந்த அமலேக்கியரை வைத்து அவன் என்னை எத்தனை முறை மடக்கியிருப்பான்! அன்று வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஆலிம் குர்ஆன் 9:5-ஐ எடுத்தார். இணைவைப்பவர்களை, அதாவது இறைவனோடு பிற தெய்வங்களையும் வணங்குபவர்களை, கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்பது. நான் சண்டைக்குக் கொண்டுபோகும் அதே 'வாள் வசனம்'. உடன்படிக்கையை முறித்தவர்களோடு நடந்த போர்ச் சூழலை விளக்கிவிட்டு, அதை ஒட்டி வரும் 9:6-ஐ வாசித்தார். இணைவைப்பவர்களில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் கொடு, இறைவனின் வார்த்தையை அவன் கேட்கட்டும், பிறகு அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்கிறது அது. இத்தனை வருஷமாக ஐந்தாம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டவள் நான். வெட்கமாக இருந்தது. அதற்காக அவர் 9:29-ஐ விட்டுவிட்டுப் போகவில்லை. முஸ்லிம் ஆட்சியில் முஸ்லிம் அல்லாதவருக்கான ஜிஸ்யா வரி கட்டிய யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் உயிருக்கும் வழிபாட்டுக்கும் காவல் இருந்தது, சம அந்தஸ்து இருக்கவில்லை என்று சுற்றி வளைக்காமல் சொன்னார்.

நான்காம் வாரத்தை மறக்க முடியாது. லூக்கா 14-இல் விருந்து உவமை. 'உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா' என்றுதான் சின்ன வயதிலிருந்து படித்திருக்கிறேன். கெஞ்சிக் கூப்பிடுவதாகவே மனதில் பதிந்திருந்தது. மூல கிரேக்கச் சொல்லுக்குக் கட்டாயப்படுத்து என்ற பொருள் என்று போதகர் காட்டினார். வட ஆப்பிரிக்காவில் திருச்சபையை விட்டுப் பிரிந்துபோன தொனாத்தியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை அரசு வற்புறுத்தித் திரும்பக் கொண்டுவரலாம் என்பதற்கு, அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் இந்த வரியைத்தான் துணைக்கு எடுத்தாராம். அவரே முன்பு வற்புறுத்தல் கூடாது என்று சொன்னவர். ஒரு சொல்லை எப்படிப் படிக்கிறோம் என்பதில் எத்தனை பேருடைய வாழ்க்கை இருந்திருக்கிறது என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஐந்தாம் வாரம் சரியில்லை. 782-இல் பிராங்கிய மன்னர் சார்லமேன் கிறிஸ்தவரல்லாத சாக்சானியரைக் கொன்று குவித்தது, 1096-இல் ரைன் நதிக்கரை யூதர்களைச் சிலுவைப் போர்க் கூட்டங்கள் படுகொலை செய்தது, 12-ஆம் நூற்றாண்டில் அல்மொஹாதுகள் என்ற முஸ்லிம் அரச வம்சத்தார் யூதரையும் கிறிஸ்தவரையும் மதம் மாற நெருக்கியது, 1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது, எல்லாம் ஒரே மணி நேரத்தில் ஓடியது. சார்லமேனின் அவையிலேயே இருந்த கிறிஸ்தவ அறிஞர் அல்குயின், விசுவாசம் மனம் ஒப்பி வரவேண்டியது என்று எதிர்த்து எழுதியதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார்கள். அதற்கே ஒரு வாரம் கொடுத்திருக்கலாம்.

ஆறாம் வாரத்துக்காகத்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் இதில் சேரவேண்டும். மதத்தை விட்டு வெளியேறுவது பற்றிய பாடம். உள்ளே வர யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது, ஆனால் வந்தவன் வெளியே போகக்கூடாது என்று 13-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். சன்னி இஸ்லாத்தின் நான்கு சட்டப் பள்ளிகளான மத்ஹபுகளின் பழைய நூல்களும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன, வெளியேறியவனுக்கு மரண தண்டனை. அவற்றில் ஹனஃபிகள் மட்டும் பெண்ணுக்கு மரண தண்டனை இல்லை என்றார்கள். இரண்டு வீட்டிலும் உள்வாசல் திறந்திருக்கிறது, வெளிவாசலில் பூட்டு. 1826-இல்கூட ஸ்பெயினின் வலென்சியாவில் கயெத்தானோ ரிபோல் என்ற பள்ளி ஆசிரியரைத் திருச்சபைக் கொள்கைக்கு மாறாகக் கற்பித்ததற்காகத் தூக்கிலிட்டார்கள். மனித உரிமைப் பிரகடனத்தில் மதம் மாறும் உரிமையைச் சொல்லும் 18-ஆம் பிரிவு 1948-இல் ஐ.நா.வில் வந்தபோது, பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் சஃபருல்லா கான் குர்ஆனை மேற்கோள் காட்டியே அதை ஆதரித்தார். 'விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும்' என்ற 18:29. கத்தோலிக்கத் திருச்சபை மத சுதந்திரத்தை முறையாக அறிவித்தது 1965-இல்தான். நாங்கள் ஏதோ முன்னோடிகள் என்று நினைத்திருந்தேன்.

என் பெரிய குறையும் இதே வாரத்தில்தான். சில நாடுகளில் மதம் மாறியவருக்கு இன்றும் மரண தண்டனை சட்டத்தில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டதும், நெறியாளர் நேரம் முடிந்தது என்று கேள்விப் பகுதியை மூடிவிட்டார். ஆலிம் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தார், முகத்தில் தெரிந்தது. அடுத்த வாரமும் அந்தக் கேள்வி வரவில்லை. எதை ஒளிக்கக்கூடாது என்று விதி வைத்தார்களோ அதையே ஒளித்துவிட்டார்கள். கடிதமும் எழுதினேன், இன்னும் பதில் இல்லை.

ஏழாம் வாரம் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை, அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் முஸ்லிம் அகதிகளுக்குக் கொடுத்த அடைக்கலம், 1219-இல் சிலுவைப் போர் நடுவே கிறிஸ்தவத் துறவி அசிசியின் பிரான்சிஸ் எகிப்தின் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தது. கேட்க இதமாக இருந்தது, புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டாவது கலந்துரையாடல் மட்டும். திரையில் ஓடும் எழுத்துகளில் பிழை அதிகம், அரபுச் சொற்கள் உருத்தெரியாமல் வருகின்றன. வசன எண்ணைக் குறித்துக்கொண்டு கையில் புத்தகத்தோடு உட்காருவதே நல்லது.

மூன்றாம் வாரத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். 'மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை' என்ற குர்ஆன் 2:256. அது இறங்கிய சூழலாக நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழியாக வரும் செய்தியை ஆலிம் சொன்னார். மதீனாவில் பிள்ளை தங்காத பெண்கள், இந்தப் பிள்ளை பிழைத்தால் யூதனாக வளர்க்கிறேன் என்று நேர்ந்துகொள்வார்களாம். பின்னால் பனூ நளீர் என்ற யூதக் குலம் ஊரைவிட்டு அனுப்பப்பட்டபோது அப்படி வளர்ந்த பிள்ளைகளும் அவர்களோடு இருந்தார்கள். அதற்குள் முஸ்லிமாகிவிட்ட பெற்றோர், எங்கள் பிள்ளைகளை விடமாட்டோம் என்றார்கள். அப்போது வந்த வசனமாம் அது.

அம்மா எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. "அந்தப் பிள்ளைங்க அப்புறம் அம்மாகிட்ட வந்தாங்களா?" என்றார். தம்பிதான் அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்பினான். ஆலிம் படித்தார். முடிவை அந்தப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டதாக ஒரு அறிவிப்பு இருக்கிறது, உங்களைத் தேர்ந்தால் உங்களோடு, அவர்களைத் தேர்ந்தால் அவர்களோடு என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தம்பி நகர்ந்து இடம் விட்டான், அவர் உட்கார்ந்தார். மீதி ஐந்து வாரமும் மூன்று பேருமாகத்தான் பார்த்தோம்.