தலைகுந்தா வழி பிரேக் கடை: ஆயில் மாற்றப் போங்கள், ரேசிங் பேட் வேண்டாம்

ஊட்டியிலிருந்து தலைகுந்தா போகும் வழியில் இருக்கிற இந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்பின் சுவரில் நம்ம கோயமுத்தூர் கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் படம். எஃப்1 கார் அல்ல. 2010-ல் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் பந்தயத் தொடரில் ஓட்டியபோது எடுத்தது. முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில்லில், 13-ஆவதாக முடித்தார். அந்த வருடம் ரசிகர்கள் ஓட்டில் அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்கே. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராத தடம் அது, இரண்டு முனையிலும் கொண்டை ஊசி மாதிரி வளைவு. 250 சுற்று என்றால் 500 வளைவு. பிரேக் கடைக்குப் பொருத்தமான படம்தான்.

ஆனால் படத்தைக் காட்டி விற்கிற ‘ரேசிங் பேட்’ (பந்தயக் காருக்கான பிரேக் கட்டை) வாங்காதீர்கள். அது சூடேறினால்தான் பிடிக்கும். உறைபனி விழுகிற ஜனவரிக் காலையில் முதல் வளைவிலேயே கைவிடும், டிஸ்கையும் தின்னும். கம்பெனி பேட் போதும்; தேய்ந்து 3 மி.மீ. கனத்துக்கு வந்தால் மாற்றிவிடுங்கள்.

இந்தக் கடையின் அருமை ஆயில் வேலையில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 கொதிப்பது 205 டிகிரியில், ஈரம் ஏறியது 140-லேயே. டாட் 4-க்கு அதுவே 230, 155. தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசியையும் பெடலை மிதித்தபடியே இறங்கினால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டும். பெடல் பஞ்சாகி அடிவரை போய்விடும். இரண்டாவது கியரில் இறங்காத வண்டிக்கு எந்த ஆயிலும் தாங்காது என்பது வேறு விஷயம்.

இங்கே பழசின் மேலேயே புதுசை ஊற்றும் வேலை கிடையாது. வண்டியின் ஆயில் டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துப் புதுசை நிரப்பிவிட்டு, பின்சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் டியூப் மாட்டி, கறுப்பு போய்த் தெளிவாக வரும்வரை விடுகிறார்கள். சின்னக் காருக்கு ஒரு லிட்டர் டாட் 4 போதும், சீல் உடைக்காத டப்பாவை உங்கள் முன்னாலேயே திறக்கிறார்கள். பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பரின் பின்னைக் (pin) கழற்றி சிலிக்கான் கிரீஸ் தடவுவதையும் கேட்காமலே செய்கிறார்கள். மற்ற இடங்களில் சாதா கிரீஸ் அப்பி, ரப்பர் உப்பி, அந்தப் பின் இறுகி, ஒரு பக்க பேட் மட்டும் தேய்ந்து வருகிற வண்டிகள் ஏராளம்.

குறை ஒன்று: ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், அதை வெளியேற்ற சில வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். இங்கே அது இல்லை, கோவைக்குத்தான் இறங்க வேண்டும்.