ஈய நஞ்சுக்கு மாத்திரையா, ஊசியா?

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமை எட்டினால், அதைப் பிணைத்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்தைத் தொடங்குவது வழக்கம். முக்கியமான மருந்துகள் மூன்று: சக்சிமர், டைமெர்காப்ரால், கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ. என்னைக் கேட்டால், வலிப்பு, மயக்கம் மாதிரி மூளை பாதித்த அறிகுறி இல்லாதவரை சக்சிமர்தான் முதலில் வரவேண்டும்.

அது வாய்வழி மருந்து, 19 நாள் கொடுக்கவேண்டும். கந்தகம் இருப்பதால் அழுகிய முட்டை வாடை வரும். விழுங்கத் தெரியாத குழந்தைக்கு கேப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே இருக்கும் மணிகளைக் குழைவான உணவில் தூவி ஊட்டலாம். வெள்ளணுவையும் கல்லீரலையும் மட்டும் அவ்வப்போது பரிசோதிக்கவேண்டும்.

டைமெர்காப்ரால் முரட்டு மருந்து. இரண்டாம் உலகப்போரில் லூயிசைட் என்ற ஆர்சனிக் நச்சுக்கு முறிமருந்தாக பிரிட்டனில் உருவானது. வேர்க்கடலை எண்ணெயில் கரைத்து, தசைக்குள் ஆழமாகப் போடும் ஊசி; நன்றாக வலிக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் ஆகாது, கூடவே இரும்புச்சத்து மருந்தும் கொடுக்கக்கூடாது. ஆனால் அளவு 70-ஐத் தாண்டியோ மூளை வீங்கியோ வந்த குழந்தைக்கு இதை முதலில் போட்டு, நாலு மணி நேரம் கழித்துத்தான் கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ ஏற்றுவார்கள். ஈடிடிஏ மட்டும் தனியாகப் போனால் ஈயம் மூளைக்கு இடம் மாறும் ஆபத்து உண்டு.

ஈடிடிஏவில் சிறுநீரகப் பாதிப்பைவிட எனக்குப் பெரிய பயம் பெயர்க் குழப்பம். 'கால்சியம்' இல்லாத டைசோடியம் ஈடிடிஏ, ரத்தத்தின் கால்சியத்தையே உறிஞ்சிவிடும். 2005-இல் டெக்சாஸில் ஈயத்துக்குச் சிகிச்சை பெற்ற இரண்டு வயதுக் குழந்தை அப்படித்தான் இறந்தது. பாட்டில் லேபிளை இரண்டு பேர் படித்த பிறகே ஏற்றவேண்டும்.

சரி, எந்த மருந்தானாலும் ஈயம் வரும் வழியை முதலில் அடைக்கவேண்டும். நைஜீரியாவின் ஸம்ஃபாராவில் ஈயம் கலந்த தங்கத்தாதுவை வீட்டு முற்றத்திலேயே அரைத்ததால் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது 2010-இல் தெரியவந்தது. அங்கே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சக்சிமர் கொடுத்தது, அதுவும் முற்றத்து மண்ணை அகற்றிய பிறகு. துப்புரவு தாமதமான பகேகா கிராமத்துக் குழந்தைகள் 2013 வரை மருந்துக்குக் காத்திருந்தார்கள்.

மருந்து தொடங்கும் 45-க்குக் கீழே, அளவு 20 முதல் 44 வரை உள்ள குழந்தைகளுக்கு சக்சிமர் கொடுத்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது. ரத்த ஈயம் குறைந்தது. அறிவுத்திறன் தேர்வில் மருந்து வாங்காத குழந்தைகளைவிட முன்னேற்றம் இல்லை.