நோன்புக் கஞ்சி: கடைசி வாளியை வைத்து மதிப்பிடுங்கள்

ரமலான் மாதத்தில் ஒரு பள்ளிவாசல் காய்ச்சி ஊற்றும் நோன்புக் கஞ்சி எப்படி என்று தெரிய வேண்டுமா? வரிசையின் முன்னால் நிற்காதீர்கள், கடைசியில் போய் நில்லுங்கள். முதல் வாளியில் விழும் கஞ்சி எந்த ஊரிலும் ருசியாகத்தான் இருக்கும். தேக்சா எனும் பெரிய சமையல் பாத்திரத்தின் அடி தெரியத் தொடங்கும் நேரத்தில் ஊற்றப்படும் கஞ்சியிலும் அதே பருப்பு, அதே கறி, அதே உப்பு இருந்தால் அங்கே வேலை தெரிந்தவர்களும் மனசுள்ளவர்களும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காரணம் எளிது. பருப்பும் கொத்துக்கறியும் அடியில் தங்கும். நெய்யும் தேங்காய்ப்பாலின் எண்ணெயும் மேலே மிதக்கும். நடுவில் இருப்பது அரிசி கரைந்த நீர். கிளறாமல் மேலாக மொண்டு ஊற்றினால் முதலில் வருபவருக்கு நெய், அடுத்தவருக்குத் தண்ணீர், கடைசி ஆளுக்குக் கட்டியும் காந்தலும். நல்ல பள்ளிவாசல்களில் இதற்கு இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் நீளமான மரத்துடுப்பு, இன்னொருவர் கையில் அகப்பை. ஐந்தாறு அகப்பைக்கு ஒருமுறை துடுப்பை அடிவரை விட்டுப் புரட்டிவிட்டுத்தான் அடுத்த வாளி. இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால், கூட்டம் கூடியதும் முதலில் நின்றுபோவது கிளறல்தான். எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு: விலை எதுவும் கிடையாது. பெயர், தெரு, மதம் எதையும் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் வாசல்களில் ரமலான் மாதத்தில் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அஸர் எனும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் ஊற்றத் தொடங்குவார்கள். ஷாஃபி மத்ஹபை (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) பின்பற்றும் கடற்கரை ஊர்களில் இது நாலு மணியை ஒட்டி வரும். இன்னொரு மரபான ஹனஃபியைப் பின்பற்றும் பள்ளிகளில் தொழுகை பிந்தி நடப்பதால் ஐந்து மணிக்குப் போனால் சரியாக இருக்கும். ஆறு மணிக்கு மேல் போனால் உள்ளே நோன்பு திறக்க வரிசையாகக் கோப்பைகள் வைக்கும் வேலையில் இருப்பார்கள். அந்த நேரத்தில் வாளியை நீட்டி அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பாத்திரம் எவர்சில்வர் தூக்காக இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் பையில் கொதிக்கும் கஞ்சியை வாங்குவது உடம்புக்கும் நல்லதில்லை, வழியில் கிழிந்தால் காலும் வெந்துபோகும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றேகால் லிட்டர் தூக்கு போதும். ஐந்து லிட்டர் வாளியைக் கொண்டுபோனாலும் மறுக்காமல் நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனாலேயே அளவறிந்து கொண்டுபோக வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு.

இனி சமையல். நோன்புக் கஞ்சிக்கென்று 2001 முதல் தமிழ்நாடு அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்கிவருகிறது. விண்ணப்பித்து அனுமதி பெறும் பள்ளிகளுக்கு அரிசி வந்துவிடும். மற்றதெல்லாம் ஜமாஅத்தின், அதாவது பள்ளியைச் சேர்ந்த ஊர்மக்களின் கையில். 10 கிலோ அரிசிக்கு நன்றாக வரும் கணக்கு இது: பாசிப்பருப்பு ஒன்றரைக் கிலோ (லேசாக வறுத்தது), வெந்தயம் 150 கிராம், உரித்த பூண்டு 600 கிராம், இஞ்சி பூண்டு விழுது அரைக் கிலோ, வெங்காயம் 2 கிலோ, தக்காளி ஒன்றரைக் கிலோ, பச்சை மிளகாய் 200 கிராம், கேரட் ஒரு கிலோ, கொத்துக்கறி 2 கிலோ, தேங்காய் 10 அல்லது 12, எண்ணெய் முக்கால் லிட்டர், புதினாவும் மல்லியும் நாலு நாலு கட்டு, மஞ்சள்தூள், பட்டை, கிராம்பு, ஏலக்காய், கிடைத்தால் ரம்பை இலை. தண்ணீர் 100 லிட்டர். ஆவியாகப் போனதுபோக ஏறத்தாழ 100 லிட்டர் கஞ்சி நிற்கும். 300 மில்லி கோப்பைக்கு முந்நூறு பேருக்கு மேல் குடிக்கலாம்.

அரிசியை முழுதாகப் போட்டால் நேரமும் விறகும் வீண். குருணையாக உடைத்துப் போட்டால் ஒன்றேகால் மணி நேரத்தில் குழைந்துவிடும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிடவும் கூடாது. 80 லிட்டரில் வேகவைத்து, மீதி 20 லிட்டரைப் பக்கத்து அடுப்பில் கொதிநிலையில் வைத்திருக்க வேண்டும். கஞ்சி இறுகும்போதெல்லாம் சேர்ப்பது அந்த வெந்நீரைத்தான். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கஞ்சி வேறு, நீர் வேறாகப் பிரிந்துநிற்கும். சீக்கிரம் புளிக்கவும் செய்யும்.

வெங்காயம், தக்காளி, விழுது, கறி ஆகியவற்றை வேறு சட்டியில் வதக்கி, கறி வெந்தபிறகுதான் கஞ்சியில் சேர்ப்பார்கள். தேங்காயின் இரண்டாம் பால் அதற்குப் பின். முதல் பால் எல்லாவற்றுக்கும் கடைசியில், தீயை இழுத்துவிட்டு, தணலின் சூட்டில். கொதிக்கும் கஞ்சியில் முதல் பாலை ஊற்றினால் திரிந்து, எண்ணெய் பிரிந்து, மேலே மஞ்சள் படலமாக மிதக்கும். பார்ப்பதற்கு நெய் மிதப்பதுபோல் இருக்கும். ஏமாறாதீர்கள்.

அடிப்பிடித்தல்தான் பெரிய ஆபத்து. பருப்பு கரைந்து அடியில் படியும் முதல் அரைமணி நேரம் துடுப்பு நிற்கவே கூடாது. காந்தல் வாடை வந்துவிட்டால் அடியைச் சுரண்டிவிடாமல் உடனே தீயை இழுத்து, மேல்கஞ்சியை வேறு தேக்சாவுக்கு மாற்ற வேண்டும். அடியைச் சுரண்டி ஊரெல்லாம் காந்தல் கஞ்சி குடிக்க வைப்பதைவிடப் பத்து லிட்டரை விட்டுவிடுவது மேல். கசப்பு தட்டினால் வெந்தயம் கூடிவிட்டது என்று பொருள். 10 கிலோ அரிசிக்கு 250 கிராமைத் தாண்டினால் எந்தத் தேங்காய்ப்பாலும் அதை மறைக்காது. வெந்தயத்தை முந்திய இரவே ஊறவைத்து அரிசியோடு சேர்த்து வேகவிட்டால் கசப்பு அடங்கி, வழவழப்பு மட்டும் கஞ்சியில் இறங்கும். ஏறத்தாழ பதிமூன்று மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் காய்ந்த வயிற்றுக்கு அந்த வழவழப்பு இதம்.

உப்பு ஒரு தனி விஷயம். காய்ச்சுபவரே நோன்பாளி. வாயில் வைத்துப் பார்க்கத் தயங்குவார். கண்ணளவில் அள்ளிப்போடும் பள்ளிகளில் ஒருநாள் சப்பென்று இருக்கும், மறுநாள் கரிக்கும். 10 கிலோ அரிசிக்கு 700 கிராம் கல்லுப்பு என்று தராசில் நிறுத்து, 500ஐ அரிசி குழைந்தபின்னும் மீதியைப் பால் ஊற்றுவதற்கு முன்னும் போட்டால் தினமும் ஒரே உப்பு நிற்கும். அந்த இரண்டாவது 200 கிராமுக்கு முன் நோன்பு வைக்காத சிறுபிள்ளை ஒன்றிடமோ, பக்கத்துக் கடைக்காரரிடமோ அரைக் கோப்பை கொடுத்துக் கேட்டுவிடலாம். பள்ளியின் கஞ்சிக்கு உப்புப் பார்த்துச் சொல்லும் அண்டைவீட்டுக்காரர் இருப்பது அந்தத் தெருவுக்கு ஒரு பேறு.

புலால் உண்ணாத அண்டைவீட்டாருக்கென்று வதக்கிய கறியைச் சேர்ப்பதற்கு முன்பே இரண்டு வாளி தனியே எடுத்து, தனி அகப்பையோடு, ஒரு சீட்டும் ஒட்டி வைக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். வேலையென்று பார்த்தால் ஐந்து நிமிடம்தான். எடுத்து வைக்காத இடங்களில் நீங்களே கேளுங்கள். கறி போட்டதா, என்ன கறி என்று கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சொல்லாமல் ஊற்றிவிடுவதுதான் தவறு.

வீட்டுக்குக் கொண்டுவந்த கஞ்சி ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். சூடு தணியத் தணிய மாவுச்சத்து கெட்டிப்படுவது இயல்பு, கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அரை டம்ளர் வெந்நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, சிறுதீயில் கிளறினால் பழைய பதம் வரும். கொதிக்க விட்டால் பால் திரியும். தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சியை இறுக மூடி வெயில் காலத்தில் வெளியே வைத்தால் இரவுக்குள் புளிப்பு வாடை வந்துவிடும். மிச்சத்தை ஆறவைத்து உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், விடியலுக்கு முந்திய சஹர் உணவுக்குள் முடித்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேல்நீரைத் தவிர்த்து, பருப்பு சேர்ந்த அடிக்கஞ்சியாகக் கேட்டு ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்து குடிக்க அழைத்தால் தாராளமாகப் போகலாம். செருப்பை வாசலில் விட்டு, கைகால் கழுவி, வரிசையில் அமருங்கள். பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்லும்வரை முன்னாலிருக்கும் கோப்பையைத் தொடாமல் இருப்பதுதான் விருந்தாளி காட்டும் மரியாதை. முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி, தொட்டுக்கொள்ள வடையோ சமோசாவோ, புதினாத் துவையலோ. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். உடனே மஃரிப் எனும் அந்தித் தொழுகை. எழுந்து போகும்போது தன் கோப்பையைத் தானே எடுத்துப் போய்க் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டால், கழுவ நிற்கும் இளைஞர்கள் அதைக் கவனிப்பார்கள்.

கொடுக்க விரும்புகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டைவீட்டாரைக் கவனிக்கும்படி நபிகள் நாயகம் தம் தோழர் அபூதர்ருக்குச் சொன்ன அறிவுரை முஸ்லிம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கஞ்சி அந்தச் சொல்லுக்கே செய்ததுபோன்ற உணவு. ஆனால் கொடுப்பதிலும் கணக்குத் தெரிந்து கொடுக்க வேண்டும். அரிசி வாங்கிக் கொடுக்காதீர்கள், அது பெரும்பாலும் இருக்கும். இழுபறியாவது தேங்காய், கறி, விறகு அல்லது எரிவாயு, காய்ச்சுபவரின் கூலி. ஒருநாள் கஞ்சிச் செலவை ஏற்பதென்றால் முத்தவல்லியையோ (பள்ளி நிர்வாகி) ஜமாஅத் செயலாளரையோ ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே பாருங்கள். வெள்ளிக்கிழமைகளும் சிறப்பாகக் கருதப்படும் 27ஆம் இரவை ஒட்டிய நாட்களும் முதலிலேயே நிரம்பிவிடும். மாதத்தின் நடுப் பத்து நாட்களில் வரும் வாரநாட்கள்தான் ஆளில்லாமல் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஸக்காத் (கட்டாய தர்மம்) பணத்தை இதில் போடக் கூடாது. ஸக்காத்துக்கு உரியவர்கள் இன்னார் என்று வரையறை இருக்கிறது. கஞ்சியோ பணக்காரரும் ஏழையும் சேர்ந்து குடிப்பது. இதற்கு ஸதகாவாக, அதாவது விரும்பிச் செய்யும் தர்மமாகக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் இமாமிடம் கேளுங்கள்.

கரும்பலகையில் ‘இன்றைய கஞ்சி உபயம்’ என்று பெயர் எழுதும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. பெயர் வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெயர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நோன்பு திறந்தபின் கொடுத்தவருக்காகத் துஆ (பிரார்த்தனை) செய்வார்கள். காய்ச்சியவருக்கும், ஊற்றியவருக்கும், கழுவியவருக்கும் சேர்த்து அந்தத் துஆவைச் செய்யும் பள்ளிகளில் அடுத்த ஆண்டும் வேலைக்கு ஆள் தட்டுவதில்லை.

மாற்று மதத்தவர் கொடுத்தால் வாங்குவார்களா என்று தயங்குகிறவர்கள் சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலைப் போய்ப் பாருங்கள். ஆற்காட்டு நவாப் குடும்பம் 1795ல் கட்டிய பள்ளி அது. மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த இந்துத் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு ரமலானிலும் தங்கள் இடத்தில் சைவ உணவு சமைத்து, வண்டியில் கொண்டுவந்து, தலையில் தொப்பியோடு நின்று நோன்பாளிகளுக்குப் பரிமாறுகிறார்கள். அங்கே பரிமாறும் முறைதான் கவனிக்க வேண்டியது. பாங்குக்கு முன்பே எல்லாத் தட்டும் நிறைந்திருக்கும். ஒருவரையும் கேட்க வைப்பதில்லை.

யாரும் உபயம் செய்ய முன்வராத செலவு ஒன்று இருக்கிறது: தேக்சாவுக்கு ஈயம் (வெள்ளீயம், காரீயம் அல்ல) பூசுவது. செம்பு, பித்தளைத் தேக்சாக்களில் ஈயம் தேய்ந்துபோனால் தக்காளிப் புளிப்பு பட்டுக் களிம்பேறும், கஞ்சியில் உலோக வாடை அடிக்கும், வயிற்றைப் புரட்டும். உள்பக்கம் வெள்ளையாக இல்லாமல் அங்கங்கே சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் பூச்சு போய்விட்டது. ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பு ஒருமுறை பூசினால் மாதம் முழுக்கத் தாங்கும். பூசத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அடுத்தமுறை செயலாளரிடம் பேசும்போது, ஈயம் பூசியாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இல்லையென்றால் அந்தச் செலவை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.