திறந்த வேனா, நடையா? கிராமத் தொகுதி வேட்பாளருக்கு எது சரி

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி என்றால் 6 சட்டமன்றத் தொகுதிகள். 2024இல் வேட்புமனு வாபஸ் முடிந்தது மார்ச் 30, பிரசாரம் ஓய்ந்தது ஏப்ரல் 17 மாலை. மூன்று வாரம்கூட இல்லை. அதனால்தான் ஓட்டுக் கேட்க வேனில் போவதா, நடந்து போவதா என்ற இந்தக் குழப்பம்.

தூரம்
வேன்: ஒரே நாளில் பல ஊராட்சிகள்.
நடை: ஒரு ஊரின் தெருக்களை முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

செலவு
வேன்: வாடகை, டீசல், மைக் செட் எல்லாம் வேட்பாளரின் தேர்தல் செலவுக்கான 95 லட்ச ரூபாய் உச்சவரம்புக் கணக்கில் ஏறும். வண்டிக்கு அனுமதியும் வாங்க வேண்டும்.
நடை: செருப்புத் தேய்மானம், கூட வருகிறவர்களுக்கு டீ. (டீயும் கணக்கில்தான்.)

நேரம்
வேன்: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது.
நடை: 100 நாள் வேலைக்குக் கிளம்பும் பெண்களைக் காலையிலேயே பார்த்துவிடலாம்.

மக்கள் மனசு
வேன்: ஆரத்தி, சால்வை, கும்பிடு, அடுத்த ஊர். கீழே யார் என்ன கேட்டாலும் மைக் சத்தத்தில் காதில் விழாது. சிலருக்கு அதுவே வசதி!
நடை: "குழாயில தண்ணி வந்து எத்தனை நாளாச்சு தெரியுமாய்யா?" என்று ஒரு பாட்டி வழிமறிப்பார். பதில் சொல்லாமல் நகர முடியாது. கட்சியின் கிளைச் செயலாளர்களின் கோஷ்டிச் சண்டையும் நடந்து போகும்போதுதான் கண்ணில் படும்.

முகமே தெரியாத புதுமுகத்துக்கும் கூட்டணிக் கட்சியின் சின்னத்தைப் பதியவைக்க வேண்டியவருக்கும் வேன்தான். ஏற்கெனவே எம்.பி.யாக இருந்து, ஊர்ப்பக்கம் வரவில்லை என்று பெயர் வாங்கியவர் நடக்கட்டும். திட்டு விழும், விழட்டும்.