பழைய வீடு, இரண்டே பிளக் பாயிண்ட்: எந்த ஆம்ப்ளிஃபயர் ஒத்துவரும்?

திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ பழைய வீட்டில் இருப்பவர் ஹோம் தியேட்டர் வாங்கலாமா என்று வாயெடுத்தால் போதும், "வயரிங் வசதி இல்லாத வீடா? அப்போ வயர்லெஸ் வாங்கிடுங்க" என்று நாலு பேர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பழைய வீட்டில் ஸ்பீக்கர் வயரை எப்படியும் சுவரோரமாக ஓட்டிவிடலாம். பஞ்சம் பிளக் பாயிண்டுக்குத்தான், அதிலும் எர்த் உள்ள பாயிண்டுக்கு. வயர்லெஸ் ஸ்பீக்கர் கேட்பதோ சரியாக அதையே. உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும். ஆகவே இந்த அலசலில் எல்லாவற்றையும் நான் முதலில் அளப்பது வாட்டை வைத்து அல்ல, எத்தனை பிளக் தின்கிறது என்பதை வைத்து.

அந்தக் காலத்து ஹாலில் கதவோரம் ஒரு சுவிட்ச் போர்டு, அதில் ஒரு 5 ஆம்பியர் பிளக். எதிர்ச் சுவரில் பிற்பாடு யாரோ இழுத்துக் கொடுத்த இன்னொன்று. டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம் மூன்றும் ஏற்கெனவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும். மிச்சம் இருப்பது ஒன்றோ இரண்டோ.

அந்த மிச்சத்திலும் எர்த் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. சாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போர்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். புத்தம்புது வெள்ளை சாக்கெட், மூன்று ஓட்டை. பின்னால் சிவப்பு, கறுப்பு என்று இரண்டே வயர். எர்த்துக்கான மேல் முனையின் பித்தளை ஸ்க்ரூ ஒருமுறைகூடத் திருகப்படாமல் பளபளவென்று இருந்தது. "பார்வைக்கு மூணு பின் சார், வேலைக்கு ரெண்டு பின்தான்" என்றார் எலெக்ட்ரீஷியன். உங்கள் வீட்டிலும் ஒருமுறை எலெக்ட்ரீஷியனை விட்டு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் எரிகிற அதே வெளிச்சத்தில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை, எரியவே இல்லையென்றால் எர்த்தே இல்லை. ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டிய வீடாக இருந்தால், டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்தவுடன் அது டிரிப் ஆகும். அப்படி ஆனால் எர்த் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு பயம், பழைய வயர் ஆம்ப்ளிஃபயரைத் தாங்குமா என்பது. பெரும்பாலும் தேவையில்லாத பயம். 5 ஆம்பியர் பாயிண்ட், 230 வோல்ட் என்றால் 1,100 வாட்டுக்கு மேல் தாங்கும். ஒரு ஏவி ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஆம்ப்ளிஃபயர் உள்ள ஒரே பெட்டி) வீட்டில் கேட்கிற சத்தத்துக்கு 100 வாட்டைத் தாண்டுவதே அரிது. உங்கள் மிக்ஸி இதைப் போலப் பல மடங்கு இழுக்கிறது. ஆனால் ஏசி ஓடும் லைனிலேயே ஆம்ப்ளிஃபயரையும் மாட்டாதீர்கள். கம்ப்ரஸர் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும், ஆம்ப்ளிஃபயர் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைனிலும் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயர் அதில் உறுமும், சூடேறும்.

சரி, போட்டியாளர்களைப் பார்ப்போம்.

முதலில் சவுண்ட்பார், அதாவது டிவிக்கு அடியில் வைக்கும் நீள ஸ்பீக்கர். பாருக்கு ஒன்று, வயர்லெஸ் சப்வூஃபருக்கு (கனத்த ஒலிக்கான பெட்டி) ஒன்று, ஆக இரண்டு பிளக். பின் ஸ்பீக்கர்களோடு வரும் செட் என்றால் மூன்று அல்லது நான்கு. சில மாடல்களில் பின்னால் ஒரே ரிசீவர் பெட்டி இருந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் அதிலிருந்து வயர் போகும். அதாவது 'வயர்லெஸ்' வாங்கியும் சோபாவுக்குப் பின்னால் வயர் ஓட்டத்தான் வேண்டும், கூடவே அங்கே ஒரு பிளக்கும் வேண்டும். வாடகை வீடு, அடுத்த வருஷம் காலி செய்யலாம், ஆணி அடித்தாலே ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார் என்றால், பின் ஸ்பீக்கர் இல்லாத பார் போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மேலே பார்த்து ஒலியை அனுப்பும் அட்மாஸ் பாருக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன் உங்கள் கூரையை அண்ணாந்து பாருங்கள். அந்தத் தொழில்நுட்பமே ஒலி தட்டையான கூரையில் பட்டுத் தெறித்து உங்கள் தலைக்கு மேலிருந்து வருவதை நம்பித்தான் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரையில் வரிசையாகத் தேக்கு உத்தரம், நடுநடுவே செங்கல். ஒலி ஒழுங்காகத் திரும்பி வராது, சிதறிப் போகும். கான்கிரீட் அபார்ட்மெண்ட்டில் நன்றாகக் கேட்ட அதே பார், ஓர் அக்கிரகாரத்து வீட்டுக் கூடத்தில் சாதாரண பாராகிவிடும்.

முழு வயர்லெஸ் 5.1 செட்டை (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆறு பெட்டி, ஆறு பிளக். முற்றத்தைச் சுற்றி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடுகிறவர்களுக்கு மட்டும். ப்ளூடூத் ஸ்பீக்கர் இரண்டை டிவியோடு சேர்க்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். வாய் அசைந்து கொஞ்சம் கழித்துத்தான் வசனம் வரும்.

ஏவி ரிசீவர்தான் இதற்கெல்லாம் நேர் எதிர். ஒரு பிளக்கில் ஐந்து ஸ்பீக்கரும் ஓடுகின்றன. சப்வூஃபர் சேர்த்தால் இரண்டு. சவுண்ட்பாருக்கு ஆகிற அதே எண்ணிக்கைதான்! டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) வழியாக ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வந்தால் போதும். ஓடிடி தளங்கள் தரும் 5.1 ஒலியும் அட்மாஸும் பழைய ஏஆர்சியிலேயே வந்துவிடும். இஏஆர்சி (புளூரேயின் தரம் குறையாத ஒலியையும் கடத்தும் புதிய வகை) இல்லாத டிவி என்று யாராவது பயமுறுத்தினால், புளூரே டிஸ்க் போட்டுப் பார்க்கிற ஆள்தானா நீங்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே இருந்தாலும் பிளேயரை நேராக ரிசீவரில் சொருகிவிடலாம்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம். யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 போன்ற ஆரம்பநிலை ரிசீவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சேனல், 1 கிலோஹெர்ட்ஸ் என்று அளந்தால் 100 வாட். இரண்டு சேனலையும் ஓட்டி, முழு அலைவரிசையிலும் அளந்தால் 70 வாட். இரண்டும் 6 ஓம் கணக்கு. இரண்டாவது எண்ணைத்தான் மற்ற மாடல்களோடு ஒப்பிட வேண்டும். 70 போதுமா? 87 டெசிபல் சென்சிடிவிட்டி (1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் வரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டரில் 104 டெசிபல் வரும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதிலிருந்து ஒன்பது, பத்து டெசிபல் குறையும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் மாடிவீட்டு மாமி படியிறங்கி வந்துவிடுவார். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது வெறும் 3 டெசிபல்.

ரிசீவரை நான் முன்னிறுத்துவதற்கு இன்னொரு காரணம் சென்டர் ஸ்பீக்கர், அதாவது வசனம் வரும் நடு ஸ்பீக்கர். காவித் தரை, சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, திரைச்சீலை கிடையாது. இப்படிப்பட்ட கூடத்தில் வசனம் எதிரொலித்துக் குழம்பும். ரிசீவரில் சென்டரை மட்டும் இரண்டு, மூன்று டெசிபல் தூக்கி வைக்கலாம். ஒரு ஜமுக்காளத்தையும் விரித்துவிட்டால் பேச்சு தெளிந்துவிடும். பின் ஸ்பீக்கர் இல்லாமல் முன்னால் மூன்று மட்டும் போட்டுக்கொண்டு, ஒரே பிளக்கில் ஆரம்பித்து, மிச்சத்தைப் பிறகு சேர்ப்பதே என் சிபாரிசு. சவுண்ட்பாரில் இந்தத் தவணை முறைக்கு வழி குறைவு.

குறையும் உண்டு. ரிசீவர் சூடாகும். பழைய வீட்டுச் சுவர் அலமாரி அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறதே என்று அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், மே மாதத்தில் அது தானாகவே அணைந்து போகும். மேலே நாலு விரல்கடை இடமாவது வேண்டும், கதவு வேண்டாம். இடி மின்னல் சமயத்தில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மொட்டை மாடி வழியாக வரும் கேபிள் டிவி வயரையும் கழற்ற வேண்டும். எச்டிஎம்ஐ போர்டு போவது பாதி நேரம் அந்த வழியாகத்தான். மூன்று பின் சப்வூஃபரையும் கேபிள் வயரையும் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்தால், கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். கேபிள் லைனுக்கு ஓர் ஐசொலேட்டர் போடலாம். எர்த் பின்னை வெட்டிவிடுங்கள் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பாட்டுதான் அதிகம், படம் அப்பப்போ என்பவருக்கு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் அல்லது ஆக்டிவ் ஸ்பீக்கர் ஜோடி. ஆக்டிவ் ஜோடிகளில் பெரும்பாலும் ஒரு பெட்டியில்தான் ஆம்ப்ளிஃபயர் இருக்கும், இன்னொன்றுக்கு அதிலிருந்து சாதா வயர் போகும். ஒரே பிளக். ஏஆர்சி உள்ள ஜோடியாகப் பார்த்து எடுத்தால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டிக் குறைக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ரிசீவரைவிட இதுதான் நன்றாக இருக்கும் என்பேன்.

அப்புறம் ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் டிரான்ஸ்ஃபார்மர், போர்டு, கேபினட் என்று தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்துவிடலாம். கெட்டுப்போனால் அங்கேயே ஐசி மாற்றித் தருவார்கள். இந்த வசதி எந்த பிராண்டட் பெட்டிக்கும் இல்லை. எனக்கும் அந்தத் தெருமேல் ஒரு பாசம் உண்டு. ஆனாலும் பழைய வீட்டுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வாட். 4440 ஐசி போர்டை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் வாட் சொல்வார்கள். அந்த ஐசி ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்தால்) 19 வாட். அதன் டேட்டா ஷீட்டிலேயே இருக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம். பிராண்டட் ரிசீவர்கள் பலவற்றின் பின்புறம் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும். இரட்டை இன்சுலேஷன், எர்த் இல்லாமலே பாதுகாப்பு என்று பொருள். அசெம்பிள் செய்த தகர கேபினட்டில் அது கிடையாது. உள்ளே 230 வோல்ட் வயர் உரசிக் கேபினட்டைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் வால்யூமைத் திருகப் போகிறவருக்கு ஷாக் அடிக்கும். எர்த் இல்லாத வீட்டில் ரிச்சி தெருச் சாமான்தான் வேண்டும் என்றால், லேப்டாப் சார்ஜர் போன்ற 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் டிபிஏ3116 ஐசி போட்ட சின்ன ஆம்ப்ளிஃபயரை வாங்குங்கள். இரண்டு சேனலுக்குத் தாராளம், சூடும் அவ்வளவாக ஆகாது, பெட்டிக்குள் மெயின் கரண்ட்டே வராது.

ஸ்பீக்கர் வயரை அங்கேயே வாங்கலாம். '40/76' (40 இழை கொண்ட வயர்) என்று கேளுங்கள். பத்து மீட்டர் ஓட்டினாலும் போக வர 0.3 ஓமுக்குள்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமில்லை. காசு மிச்சம் என்று '14/76' எடுத்தால் 0.8 ஓமைத் தாண்டும். பின் ஸ்பீக்கர் வயரைத் தரையோரமாக ஓட்டி, வாசற்படி வந்ததும் நிலையைச் சுற்றி மேலே ஏற்றி இறக்குங்கள். பிவிசி கேசிங் போட்டுச் சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தால் கண்ணில் படாது. மெயின் வயர் போகும் பழைய மரக் கேசிங்குக்குள் மட்டும் இதைத் திணிக்கக் கூடாது. ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டுவதும் பார்த்துத்தான். சுண்ணாம்புக் காரை உதிரும், ஸ்க்ரூவுக்காகச் சுவரில் அடிக்கும் ரால் பிளக் பிடிக்காது. ஸ்டாண்டோ பழைய ஸ்டூலோ பரவாயில்லை.

சொந்த வீடு என்றால் ஆம்ப்ளிஃபயர் பட்ஜெட்டிலிருந்து கொஞ்சம் வெட்டி, மெயினிலிருந்து எர்த்தோடு 2.5 ஸ்கொயர் எம்எம்மில் ஒரு தனி லைன் இழுத்துவிடுங்கள். ஒரு மாடல் குறைத்து வாங்கினாலும் நஷ்டமில்லை. அதற்குப் பிறகு மேலே சொன்ன எதை வேண்டுமானாலும் வாங்கலாம்.

பரணில் கிடக்கும் பழைய டிவிடி ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களைப் புது ரிசீவரில் மாட்டலாமே என்று தோன்றும். பின்னால் ஸ்டிக்கரைப் படியுங்கள். 3 ஓம், 4 ஓம் என்று போட்டிருந்தால் வேண்டாம். ஆரம்பநிலை ரிசீவர்கள் பலவும் 6 ஓமுக்குக் குறைந்ததை ஏற்காது. சத்தம் கூட்டிய கொஞ்ச நேரத்தில் பாதுகாப்பு சர்க்யூட் வேலை செய்து ரிசீவர் அணைந்துவிடும்.