மெயிலில் வந்த ஃபைல்: ஸ்கேன் செய்வதா, இறக்காமலே பார்ப்பதா?

"இன்வாய்ஸ் இணைத்திருக்கிறேன், பாருங்கள்" என்று ஒரு வரி, கூடவே ஒரு ஃபைல், அனுப்பியவரும் தெரிந்தவர்தான். தெரிந்தவர் என்பதால் மட்டும் திறந்துவிட முடியாது, ஏனென்றால் 1999-ல் வந்த மெலிஸா வைரஸே அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. சரி, என்னென்ன வழி இருக்கிறது?

பலரும் செய்வது, ஆன்டிவைரஸ் பார்த்துக்கொள்ளும் என்று திறந்துவிடுவது. ஏற்கெனவே தெரிந்த வைரஸை அது பிடித்துவிடும், புத்தம் புதிதாக வந்ததைச் சில சமயம் கோட்டைவிடும். பாஸ்வேர்டு போட்ட ஜிப் என்றால் பிரிக்கும்வரை அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. (பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதி அனுப்புகிறவர் யாருக்குப் பயந்து பூட்டுகிறார்? ஸ்கேனருக்குத்தான்.)

ஃபைலை ஏற்றிச் சோதிக்கும் இணையதளமான வைரஸ்டோட்டல் இதைவிடப் பரவாயில்லை, பத்துக் கணக்கான ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்க்கும். ஆனால் அங்கே ஏற்றிய ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும், அதனால் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை மாதிரி விஷயங்களை அங்கே ஏற்றவே கூடாது.

என் ஓட்டு பிரவுசர் முன்னோட்டத்துக்கு. ஃபைலை இறக்காமல் மெயில் பக்கத்திலேயே பார்த்தால் வேர்டு ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி புரோகிராமான மேக்ரோ ஓடாது, உங்களுக்குத் தெரிவது வெறும் பக்கங்கள்தான். வேர்டுக்குள்ளேயே, ஃபைலைப் படிக்க மட்டும் திறந்து காட்டும் பாதுகாப்புப் பார்வை (Protected View) இருக்கிறதே என்று கேட்கலாம், இருக்கிறது, ஆனால் மேலே ஒரு மஞ்சள் பட்டை, அதில் அந்தப் பாதுகாப்பை விலக்கும் ஒரு பொத்தான், கீழே "உள்ளடக்கம் தெரிய அந்தப் பொத்தானை அழுத்தவும்" என்று வைரஸ்காரரே ஒட்டிய படம், அவசரத்தில் கை தானாகப் போய்விடும். இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்க ஆரம்பித்தது 2022-ல்தான், பழைய ஆஃபீஸ் வைத்திருப்பவர்கள் அதையும் நம்பி இருக்க முடியாது. முன்னோட்டத்திலும் ஒரு ஓட்டை உண்டு: பக்கத்துக்குள் இருக்கும் லிங்கைச் சொடுக்கினால் அது காப்பாற்றாது.

இன்வாய்ஸ் என்று வந்தது முன்னோட்டத்தில் திறக்கவே இல்லையென்றால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். அப்புறம் பெயரைக் கடைசி எழுத்துவரை பாருங்கள். 2000-ல் உலகையே ஆட்டிவைத்த ஐ லவ் யூ வைரஸின் ஃபைல் பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. அது ஓடக்கூடிய புரோகிராம் என்று காட்டும் கடைசி விபிஎஸ்ஸை விண்டோஸ் மறைத்துவிட, பார்த்தவர்களுக்கு அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். இன்றும் விண்டோஸ் இந்தக் கடைசிப் பகுதியை, அதாவது ஃபைல் நீட்டிப்பை, மறைத்தே வைக்கிறது, எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் போய் நாம்தான் காட்டச் சொல்ல வேண்டும்.

அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். அந்த மெயிலுக்கே பதில் எழுதிக் கேட்டால், கணக்கு திருடு போயிருக்கும் பட்சத்தில், "ஆமாம், நான்தான் அனுப்பினேன்" என்று திருடனே பதில் போடுவான்.